பச்சைக் குடும்பத்து பேட்டரி

டிரில்லிங் மெஷின் வாங்கப் போகிறவன் டிரில்லிங் மெஷினைத்தான் வாங்கி வருகிறான் என்றொரு நம்பிக்கை நாட்டில் பரவலாக இருக்கிறது. படித்தவர்களே இதை நம்புகிறார்கள். இப்படிப்பட்ட தவறான கருத்தை இத்தனை காலம் யாரும் திருத்த முன்வராதது வருந்தத்தக்கது. வயர் இல்லாத மெஷினைப் பொறுத்தவரை, ஒருவன் வாங்குவது பேட்டரியை. மெஷின் என்பது அந்த பேட்டரியோடு வந்து ஒட்டிக்கொள்ளும் உறவுக்காரன். இன்றைக்கு டிரில்லிங் மெஷின் வரும். அடுத்த வருடம் ரம்பம் வரும். பிறகு லைட், ரேடியோ என்று வந்துகொண்டே இருக்கும். அத்தனையும் அந்த ஒரே பேட்டரியில் உட்கார்ந்து சாப்பிடும். ஆனால் ஒரு கம்பெனியின் பேட்டரி இன்னொரு கம்பெனியின் மெஷினில் ஏறாது. ஆகவே, முதல் பேட்டரியை வாங்கும் நாளில் ஒருவன் ஆயுள் முழுமைக்கும் ஒரு குடும்பத்தில் சம்பந்தம் செய்துகொள்கிறான்.

இந்த உண்மையைக் கோச்சடையில் முதன்முதலாக உணர்ந்தவர் ஆரோக்கியநாதன் சார். மிஷன் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுப்பவர். உணர்ந்த ஆண்டு இரண்டாயிரத்து எட்டு. கரண்ட் போகும் நேரத்தைப் பார்த்து மதுரை ஜனங்கள் மாவாட்டிய ஆண்டு.

விஷயம் ஜூலை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கியது. அன்றைக்கு அன்பியக் கூட்டம் அவர் வீட்டில். பங்குக் கோவிலைச் சேர்ந்த அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பதற்கு அன்பியம் என்று பெயர். அந்தப் பகுதி அன்பியத்தில் முப்பத்தொரு குடும்பம். அத்தனைக்கும் தலைவி சாரின் மனைவி ஆனிமேரி. அதே பள்ளிக்கூடத்தின் ஆபீசில் கிளார்க். பள்ளிக்கூடத்தை நடத்துவது தலைமையாசிரியர் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை இன்னொரு சந்தர்ப்பத்தில் திருத்திக்கொள்ளலாம்.

அன்று பங்குச்சாமியாரே வந்திருந்தார். ஹாலுக்கும் உள்ளறைக்கும் நடுவே ஸ்கிரீன் தொங்கும் வாசலுக்கு முன்னால் அவருக்கு நாற்காலி. ஜெபமாலை பாதி தாண்டியிருக்கும். ஸ்கிரீன் கம்பி, சார் தம் கையாலேயே சுவரில் குச்சி செருகி ஆணி அடித்து மாட்டிய அதே கம்பி, ஒரு பக்கம் பிடியை விட்டது. மறுபக்கம் யோசித்துப் பார்த்துவிட்டு அதுவும் விட்டது. கம்பி, வளையம், பூப்போட்ட ஸ்கிரீன் சகலமும் சாமியார் தலையில் இறங்கின. சாமியார் உத்தமர். ஜெபத்தை நிறுத்தவில்லை. பூப்போட்ட துணிக்குள்ளிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. முப்பது குடும்பமும் அந்தத் துணியைப் பார்த்துப் பதில் ஜெபம் சொன்னது.

எல்லாரும் போனதும் ஆனிமேரி அமைதியாகச் சொன்னாள்: "நான் ஆன்சனுக்கு போன் போடுறேன்."

ஆன்சன் அவள் தம்பி. சமயநல்லூரில் அலுமினியக் கதவு, ஜன்னல் செய்கிறவன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். இந்த வீட்டில் ஒழுகிய குழாய், சாத்தாத கதவு, சுற்றாத மின்விசிறி எல்லாவற்றையும் சரிசெய்தது அவன்தான். ஒவ்வொன்றையும் சரிசெய்து முடித்துவிட்டு, "சின்ன வேலதான் அத்தான்" என்பான். அந்த வாக்கியம் சாரின் நெஞ்சில் பதினாறு வருடமாகக் குத்திக்கொண்டிருந்தது. அவன் செய்தது பதினாறு வருட வேலை. அதில் ஒன்றுகூடப் பெரிய வேலையாக இருந்ததில்லை.

"வேணாம்" என்றார் சார். "இந்தத் தடவ நானே மாட்டுறேன்."

"குச்சி வச்சா?"

"மெஷின் வாங்கப் போறேன்."

"எப்பக்குள்ள?"

"எப்பக்குள்ளன்னா... அதெல்லாம் ஆராஞ்சுதான்..."

"அக்டோபர் பதினாலாந்தேதி மாதா நம்ம வீட்டுக்கு வாராங்க. அந்த ஸ்கிரீனுக்கு முன்னாடிதான் பீடம். அதுக்குள்ள மாட்டிருவீங்களா, இல்ல ஆன்சன..."

"மாட்டிருவேன்!"

அக்டோபர் ஜெபமாலை மாதம். மாதா சுரூபத்தை ஒரு வீட்டிலிருந்து எடுத்து, பாட்டுப் பாடிக்கொண்டு தெரு வழியாகக் கொண்டுபோய் அடுத்த வீட்டில் வைப்பார்கள். முப்பத்தொரு நாளுக்கு முப்பத்தொரு வீடு. சார் வீட்டு முறை பதினான்காம் தேதி. கையில் மூன்று மாதம் இருந்தது. ஒரு கம்பி மாட்ட மூன்று மாதம்.

மறுநாளே டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சந்திலிருக்கும் பால்பாண்டியின் ஹார்டுவேர் கடைக்குப் போனார்.

"புடிங்க சார்" என்று பால்பாண்டி ஒரு பச்சை மெஷினைக் கையில் கொடுத்தார்.

சார் வாங்கிப் பிடித்தார். கைப்பிடி அவர் உள்ளங்கையை அளவெடுத்துச் செய்தது போல் வந்து உட்கார்ந்தது. விசையை அழுத்தினார். முனையில் பொட்டு விளக்கொன்று எரிந்தது. மெஷின் மெல்ல உறுமி, பிறகு வேகமெடுத்துச் சுற்றியது. விரலைத் தளர்த்தினால் பூனை போல அடங்கியது. அழுத்தினால் மறுபடி எழுந்தது. வயர் இல்லை. பிளக் இல்லை. கடையில் அப்போது கரண்டும் இல்லை. அதுதான் அவரைக் கவிழ்த்துவிட்டது. வேதி ஆற்றல் மின்னாற்றலாகி, மின்னாற்றல் இயக்க ஆற்றலாகிறது என்று இருபத்திரண்டு வருடமாகக் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டி வந்தவர் அவர். போட்ட படமெல்லாம் நிஜம்தான் என்று அன்றைக்குத்தான் நம்பினார்.

"இன்னொரு தடவ அழுத்தலாமா?"

"அழுத்துங்க சார். மீட்டரா ஓடுது?"

அழுத்தினார். பக்கத்தில் ஆணி வாங்க வந்தவர்கூட நின்று பார்த்தார்.

பிறகு பால்பாண்டி பேட்டரியைக் கழற்றிக் காட்டினார். கைக்கு அடக்கமான கறுப்புக் கட்டி. ஒரு ரம்பத்தின் அடியில் அதைத் தள்ளினார். பட்டக். ரம்பம் ஓடியது. கழற்றி ஒரு லைட்டின் அடியில் தள்ளினார். பட்டக். லைட் எரிந்தது. ஒரே உயிர் கூடுவிட்டுக் கூடு பாய்வதை ஆரோக்கியநாதன் சார் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதையே அந்த மஞ்சள் மெஷின்ல மாட்டுனா?"

"மாட்டாது சார். அவுக வேற, இவுக வேற."

"நடுவுல ஏதாச்சும் வச்சு..."

"கொடுக்கல் வாங்கலே கெடையாது சார். எங்க ஊரு எழுமலைல ரெண்டு பங்காளிக இருக்காங்க. பேச்சுவார்த்த இல்லாம இருபது வருசம். அவுக கூட ஒரே குழாயில தண்ணி புடிப்பாக. இதுக அதுவும் செய்யாது."

சார் மலைத்துப்போனார். ஆர்.சி.க்கும் சி.எஸ்.ஐ.க்கும்கூட இப்போது கல்யாணம் நடக்கிறது. போன மாதம்தான் ஒன்றுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். இந்த பேட்டரிகளின் வைராக்கியம் அதைவிடப் பெரிது. இதில் அவசரப்படக் கூடாது என்று முடிவெடுத்து வெறுங்கையோடு திரும்பினார்.

அடுத்த இரண்டரை மாதம் நடந்தது ஆராய்ச்சி. மாணவர்கள் செய்முறைத் தேர்வுக்கு எழுதும் ரெக்கார்டு நோட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டார். முதல் பக்கத்தில் 'நோக்கம்' என்று எழுதி, 'பச்சை, மஞ்சள் ஆகிய இரு குடும்பங்களுள் ஆயுட்காலத்துக்கு உகந்ததைக் காணல்' என்றார். வலப்பக்கம் எழுத்து, இடப்பக்கம் பென்சில் படம். வோல்ட், ஆம்பியர்-மணி, முறுக்குவிசை, எடை, கைப்பிடியின் சுற்றளவு. வாரம் இரண்டு தடவை பால்பாண்டி கடைக்குப் போய் இரண்டு மெஷினையும் மாறி மாறி அழுத்தினார். பால்பாண்டி முதலில் டீ சொன்னார். பிறகு ஸ்டூல் போட்டார். செப்டம்பரில் கும்பிடு மட்டும் போட்டார். வரைபடத் தாளில் பச்சைக்கும் மஞ்சளுக்கும் இரண்டு வளைகோடுகள் ஏறி இறங்கி, கடைசியில் ஒரே இடத்தில் வந்து நின்றன. 'முடிவு' என்று எழுதிய இடத்தில் முற்றுப்புள்ளி வைத்த ஒரு 'எனவே' மட்டும் இருந்தது.

ஆனிமேரி ஒரு நாளும் அவசரப்படுத்தவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பாள்.

"அப்ப ஒரு பேட்டரி இருந்தா, அந்தக் கலர்ல இருக்கிற எல்லாத்துலயும் ஏறுமா?"

"எல்லாத்துலயும்!"

"வேற வீட்டுல இருக்கிறதுலயும்?"

"வீடென்ன மேரி, நாடு விட்டு நாடு போனாலும் ஏறும். ஜப்பான்ல செஞ்சாலும் சீனால செஞ்சாலும் குடும்பம் ஒண்ணுன்னா ஒண்ணுதான்."

"அம்புட்டுக்கு ஒத்துமையா?" என்று அவள் வியப்பாள். அந்த வியப்புக்காகவே சார் இன்னும் இரண்டு பக்கம் எழுதுவார். பதினாறு வருடத்தில் அவர் சொன்ன இயற்பியலை அவள் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

செப்டம்பர் கடைசி ஞாயிறு. பூசை முடிந்து வந்து இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"முடிவாச்சா?" என்றாள்.

"தொண்ணூறு சதவீதம் மஞ்சள் பக்கம் சாயுது."

"அப்படியா! ஆன்சன்கூட மஞ்சள்தான் நல்லதுன்னு சொன்னான்."

சாரின் கை தட்டிலேயே நின்றது.

"அவன எதுக்குக் கேட்ட?"

"நான் எங்க கேட்டேன்? பேச்சுவாக்குல சொன்னான். அத்தான் மஞ்சளத்தான் எடுப்பாரு, பாரேன்னான்."

"எடுப்பேன்னானா?"

"சிரிச்சுக்கிட்டே சொன்னான்."

சார் இடியாப்பத்தை முடிக்கவில்லை. எழுந்து கை கழுவி, ரெக்கார்டு நோட்டைத் திறந்து, 'எனவே' என்பதற்குப் பக்கத்தில் 'பச்சை' என்று எழுதி இரண்டு கோடு போட்டார். பிறகு பச்சையின் மேன்மைகள் பதினொன்றை ஆனிமேரிக்கு நின்றவாக்கில் விளக்கினார். அவற்றில் ஏழு முந்தின நாள் வரை மஞ்சளின் மேன்மைகளாக இருந்தவை.

"ஆன்சன் மனசு கஷ்டப்படுவானே" என்றாள் ஆனிமேரி.

"விஞ்ஞானத்துல மச்சினன் மனசெல்லாம் பாக்க முடியாது."

"சரிங்க. உங்க இஷ்டம். நீங்க படிச்சவங்க."

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் பால்பாண்டி கடை. ஒரு மெஷின், ஒரு பேட்டரி, ஒரு சார்ஜர். பால்பாண்டி கண்களில் ஒற்றிக்கொண்டு கொடுத்தார். சார் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து சார்ஜ் ஏற்றி, சாப்பாட்டு மேஜையில் வைத்து, விசையை அழுத்திக் காட்டினார். மெஷின் உறுமியது. சரியாக அப்போது கரண்ட் போனது. இருட்டில் முனை விளக்கு மட்டும் எரிய, மெஷின் நிற்காமல் சுற்றியது.

"பாத்தியா!" என்றார் சார், உடம்பு சிலிர்த்து.

"அய்யோ, எம்புட்டு அழகு!" என்றாள் ஆனிமேரி. "இருங்க, வாரேன்."

இருட்டிலேயே உள்ளே போனாள். கட்டிலுக்கு அடியில் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. ஒரு ஜவுளிக்கடைப் பையோடு வந்தாள். பையிலிருந்து ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். லைட். பெரியது, கைப்பிடி வைத்தது. அடுத்து ஒரு ரேடியோ. டிரில்லிங் மெஷினின் பொட்டு வெளிச்சத்தில் சார் குனிந்து பார்த்தார். இரண்டும் பச்சை. இரண்டின் அடியிலும் பேட்டரி ஏறும் இடம் வாயைத் திறந்துகொண்டு காலியாக இருந்தது.

"இது... ஏது?"

"ஆன்சன் ஆகஸ்ட்டுல வந்தப்ப வச்சிட்டுப் போனான். கரண்ட் கட்டுக்கு வச்சுக்கக்கா, பேட்டரி மட்டும் எனக்கு வேலைக்கு வேணும்னான்."

"அவன் மஞ்சள்னு சொன்னியே!"

"மஞ்சள் நல்லதுன்னு சொன்னான்னு சொன்னேன். வச்சிருக்கிறது பச்சைதான். அவன் என்ன வச்சிருக்கான்னு நீங்க கேக்கவே இல்லையே."

"மஞ்சள் நல்லதுன்னா பச்சைய ஏன் வச்சிருக்கான்?"

"காண்ட்ராக்டர் மொதல்ல குடுத்தது பச்சை பேட்டரியாம். மொத பேட்டரி எந்தக் குடும்பமோ, ஆயுசுக்கும் அதே குடும்பம்தான்னு நீங்கதானே சொன்னீங்க."

சார் அப்படித்தான் சொல்லியிருந்தார். ரெக்கார்டு நோட்டில் மூன்றாம் பக்கத்தில் அடிக்கோடிட்டும் இருந்தது.

ஆனிமேரி மெஷினைத் திருப்பினாள். பால்பாண்டி செய்தது போலவே கட்டைவிரலால் அழுத்தி பேட்டரியை உருவினாள். லைட்டுக்கு அடியில் தள்ளினாள். பட்டக்.

ஹால் பகலானது. திருஇருதய ஆண்டவர் படம், சுவரில் குச்சி செருகிய பழைய ஓட்டைகள், மேஜையில் உயிர் போய்ச் சாய்ந்து கிடந்த டிரில்லிங் மெஷின் எல்லாம் துலங்கத் தெரிந்தன. எதிர்வீட்டு ஜெஸி ஓடி வந்துவிட்டாள்.

"அக்கா! வந்துருச்சா?"

"வந்துருச்சு ஜெஸி. சார் வாங்கிட்டு வந்துட்டாரு."

"அப்ப புதன்கிழமை மாதாவுக்கு இதான் லைட்டு! போன வருசம் கரண்ட் போயி எங்க வீட்டுக்காரரு மாதா சுரூபத்தோட சாக்கடைல கால விட்டாருல்ல? எமர்ஜென்சி லைட்டு இருபது நிமிசத்துல கண்ணு சொருகிருது. கேஸ் லைட்டு போடுற சத்தத்துல பாட்டே கேக்கல. ரொம்பத் தேங்ஸ் சார்!"

சார் லைட்டைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். ஆகஸ்ட்டிலிருந்து கட்டிலுக்கடியில் ஒரு பச்சை லைட் பேட்டரிக்காகக் காத்துக் கிடந்திருக்கிறது. அந்தக் கட்டிலில் உட்கார்ந்துதான் அவர் வளைகோடு வரைந்திருக்கிறார். ஒரு கோபம் வர வேண்டிய இடம் அது. வரவில்லை. வந்தது வேறு. கடையில் கரண்ட் இல்லாமல் மெஷின் சுற்றியபோது வந்ததே, அதே மலைப்பு. வயர் இல்லை. சத்தம் இல்லை. ஆனாலும் சுற்றியிருக்கிறது.

"கம்பி?" என்றார் மெல்ல.

"மாட்டுங்க. உங்க பேட்டரிதானே. லைட்டுக்கு வேண்டாத நேரமாப் பாத்து எடுத்துக்கங்க."

லைட்டுக்கு வேண்டாத நேரம் எது என்று கண்டுபிடிப்பதும் ஓர் ஆராய்ச்சியாக இருந்தது. மாலை ஐந்தரைக்கு பேட்டரி மாதாவோடு கிளம்பும். ஒவ்வொரு நாளும் ஒரு வீடு. ஜெபமாலை முடிந்து, சுண்டல் கொடுத்து, எல்லாரையும் வீடு சேர்த்துவிட்டு வரும்போது முக்கால்வாசி காலியாகியிருக்கும். காலையில் அதில் மிச்சமிருக்கும் கொஞ்சத்தில் ரேடியோ பாடும். பிறகு ஆனிமேரியின் சாப்பாட்டுப் பையில் சார்ஜரோடு பள்ளிக்கூட ஆபீசுக்குப் போகும். அங்கேதான் ஜெனரேட்டர் இருந்தது. பேட்டரி முழுசாக இருக்கும்போது சார் மாடியில் ஒளிவிலகல் நடத்திக்கொண்டிருப்பார்.

அக்டோபர் ஐந்தாம் தேதி ஞாயிறு மத்தியானம் மட்டும் அது அவர் கைக்குக் கிடைத்தது. மூன்று மணி நேரம் முழுசாக. சார் ரசமட்டம் வைத்தார். தூக்குக்குண்டு விட்டார். வாசலின் அகலத்தை நான்கு இடத்தில் அளந்து சராசரி எடுத்தார். சுவரில் பென்சிலால் இரண்டு கூட்டல் குறி போட்டு, அழித்து, மறுபடி போட்டார். நடுவே இரண்டு தடவை இறங்கி வந்து தூர நின்று பார்த்தார். கடைசியாக ஸ்டூலில் ஏறி, மெஷினை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை அடக்கி, முனையைக் குறியின் மேல் வைத்தார்.

"மணி அஞ்சரை ஆச்சுங்க" என்றாள் கீழே நின்ற ஆனிமேரி. அண்ணாந்து, கட்டைவிரலால் அழுத்தி, பேட்டரியை உருவிக்கொண்டு போனாள். தெருவில் பாட்டு ஆரம்பித்தது. வெளிச்சம் ஜெஸி வீட்டைத் தாண்டித் திரும்புவதை, உயிரில்லாத மெஷினைக் கையில் பிடித்தபடி சார் ஜன்னல் வழியாகப் பார்த்தார். அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் முப்பத்தொரு குடும்பமும் ஒருவர்கூடச் சாக்கடையில் கால் விடாமல் நடந்தது. அழகாகத்தான் இருந்தது.

பத்தாம் தேதி இரவுச் சாப்பாட்டில் அவரே கேட்டார். "இன்னொரு பேட்டரி வாங்கிரவா?"

"எதுக்குங்க வெட்டிச் செலவு? நாலு நாள்தான் இருக்கு" என்றாள் ஆனிமேரி. ரசம் ஊற்றினாள்.

பதினோராம் தேதி, சனிக்கிழமை காலை, ஆன்சன் சமயநல்லூரிலிருந்து பைக்கில் வந்தான். வழக்கமாகக் கொண்டுவரும் இரும்புப் பெட்டி இல்லை. ஹேண்டில்பாரில் ஒரு துணிப்பை மட்டும் தொங்கியது.

"எங்க மாப்ள மெஷினு?" என்றார் சார்.

"மெஷின் இங்கயே இருக்குன்னு அக்கா சொல்லுச்சு அத்தான். அதான் பேட்டரிய மட்டும் கொண்டாந்தேன்."

பையிலிருந்து எடுத்தான். சாரின் மெஷினைத் திருப்பினான். பட்டக். ஏறியது. மெஷின் அவன் கையில் உறுமியது, இன்னும் கொஞ்சம் உரிமையோடு.

"சூப்பர் மெஷின் அத்தான்! நல்லாப் பாத்து எடுத்திருக்கீங்க" என்றான் ஆன்சன், மனசாரவே. சுவரை அண்ணாந்து பார்த்தான். "அட, மார்க்கெல்லாம் பண்ணி வச்சிருக்கீங்க. இனி என்ன, சின்ன வேலதான்."

கம்பி ஒன்பது நிமிடத்தில் ஏறியது. ஸ்டூலை ஆரோக்கியநாதன் சார் பிடித்துக்கொண்டார்.